மறு: செடேஷனுக்குக் ‘கண்ணயர்வு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிகிச்சைக்காக மருந்து கொடுத்து ஆளைத் தளர்த்தி வைக்கும் ‘செடேஷன்’, வலி மருந்துகள் போன்றவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். வடசென்னையில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நாம் இங்கே முடிவு செய்யும் சொல், கைநாட்டு வைக்கும் ஒரு தாயிடம் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டும் சம்மதப் படிவத்துக்குள் போகப்போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘மயக்க மருந்து’ என்ற ஒரே சொல் எல்லாச் சுமையையும் தூக்குகிறது. தையல் போடுமுன் தோலுக்கடியில் போடும் லிக்னோகைனும் மயக்க ஊசி, வயிற்றைத் திறக்கும்போது ஆபரேஷன் தியேட்டரில் கொடுப்பதும் மயக்க ஊசி. இரண்டுக்கும் நடுவில், மூட்டைச் சரிசெய்ய ஐந்து பத்து நிமிடம் ஆளைத் தளர்த்தி வைப்பதும் அதே பெயரில்தான் ஓடுகிறது. முதலாவதற்கு நல்ல சொல் மக்களிடமே இருக்கிறது: ‘மரத்துப்போற ஊசி’. அதை ‘மரப்பு ஊசி’ என்று எழுதிவிடலாம், விவாதமே வேண்டாம். இரண்டாவதற்கு மயக்கம் என்பது நிலைத்துவிட்டது. மயக்கவியல் என்று துறைக்கே பெயர் இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் நம் வேலை.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும்போது வழுக்கி விழுந்த ஒரு பையன். வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் கிட்டே விடவில்லை. லுங்கியெல்லாம் மீன் செதில். டாக்டர், “மயக்க ஊசி போட்டு மூட்டை ஏத்திடலாம்மா” என்றார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், மயக்கம் குடுத்தா புள்ள எய்ந்துக்குமா? அவங்கப்பா மயக்கமாத்தான் போனாரு.” அவருக்கு மயக்கம் என்றால் பேச்சுமூச்சு இல்லாமல் கிடப்பது. அவர் பயந்ததில் என்ன தப்பு? தெருவில் ஒருவர் சுருண்டு விழுந்தாலும் மயக்கம், சர்க்கரை இறங்கினாலும் மயக்கம், தலை சுற்றினாலும் மயக்கம்தான். உண்மையில் நாங்கள் கொடுத்தது வலிக்கு ஃபென்டனில் கொஞ்சம், ஆளைத் தளர்த்த மிடாசோலம் கொஞ்சம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் “ம்ம்” என்று கண்ணைத் திறந்தான். மூட்டு ‘டக்’கென்று உட்கார்ந்தது. அப்புறம் கேட்டால் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

இந்த இடத்தில்தான் ‘கண்ணயர்வு’ என்ற சொல் எனக்குப் பிடிக்கிறது. “இப்பத்தான் கண்ணயர்ந்தாரு, எழுப்பாதே” என்கிறோம். கண்ணயர்ந்தவர் கூப்பிட்டால் விழிப்பார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999-ல் வகுத்த படிநிலையும் இதைத்தான் கேட்கிறது: கூப்பிட்டால் ஏற்ற பதில் வருகிறதா? வந்தால் மிதமான நிலை. திரும்பத் திரும்பத் தட்டியோ வலி உண்டாக்கியோதான் பதில் வருகிறது என்றால் ஆழ்ந்த நிலை. வலிக்கும் பதில் இல்லை என்றால் முழு மயக்கம். மருந்து அதேதான், அளவு கூடினால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆள் வழுக்கிவிடுவார், நடுவில் கோடு எதுவும் கிடையாது. ஆகவே பெயரைக் கேட்டவுடனே பக்கத்தில் நிற்பவருக்கு ‘கூப்பிட்டுப் பார்க்கணும்’ என்று தோன்ற வேண்டும். மிதமான கண்ணயர்வு, ஆழ்ந்த கண்ணயர்வு, மயக்கம் என்று வரிசைப்படுத்தினால் புதிதாகச் சேர்ந்த பயிற்சிச் செவிலியருக்கும் ஒரே தடவையில் புரியும். முதல் படிக்கு, அதாவது ஆள் முழு விழிப்போடு பயம் மட்டும் குறைந்திருக்கும் நிலைக்கு, ‘பதற்றத் தணிப்பு’ போதும்.

> அயர்வு என்றால் களைப்பு அல்லவா? குழப்பம் வராதா?

தனியாக ‘அயர்வு’ என்று எழுதினால் வரும். அதனால்தான் ‘அயர்வூட்டி’ என்று சுருக்க வேண்டாம் என்கிறேன். ‘கண்’ணை விட்டுவிடாதீர்கள். மருந்துக்குக் கண்ணயர்வு மருந்து, அவ்வளவுதான்.

> ‘ஆற்றுப்படுத்தல்’ இன்னும் அழகாக இருக்கிறதே.

அழகுதான் ஐயா. ஆனால் மனநல ஆலோசகர்களை ஆற்றுப்படுத்துநர் என்று அழைப்பது பரவிவிட்டது. ஊசி போடுவதற்கும் உட்கார்ந்து பேசுவதற்கும் ஒரே சொல் வேண்டாம். ‘உறக்கமூட்டல்’ என்பதிலும் சிக்கல் உண்டு. தூங்குகிறார் என்று நினைத்து உறவினர் போர்வையை இழுத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மூச்சு குறைவதை யார் பார்ப்பது?

இனி வலி. எனக்கு இதுதான் முக்கியம். மிடாசோலம் வலியைக் குறைக்காது, டயசிபாமும் குறைக்காது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் புரோபோஃபாலும் அப்படியே. இதில் ஒன்றை மட்டும் போட்டு எலும்பைப் பிடித்து இழுத்தால், ஆள் அசைவில்லாமல் இருப்பார், பிறகு மறந்தும் போவார். வலி வலியாகவே இருந்திருக்கும். நாடித்துடிப்பு எகிறுவதும் நெற்றி சுருங்குவதும் அதைச் சொல்லும். ‘மயக்கம் குடுத்தாச்சு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், வலிக்கு என்ன கொடுத்தோம் என்ற கேள்வியே எழாது. கேஷுவல்ட்டியில் நீண்ட காலமாகப் புழங்கும் ஜோடியைப் பாருங்கள்: ஃபோர்ட்வின், ஃபெனர்கன். ஒரே மூச்சில் ஒரே மருந்துபோலச் சொல்கிறோம். முதலாவது பென்டசோசின், வலிக்கு. இரண்டாவது புரோமெத்தசின், வாந்தியைத் தடுக்கும், தூக்கமும் வரும். வார்டில் இரண்டுக்கும் சேர்த்து ‘வலி ஊசி’ என்றே பெயர். நோயாளி அசந்து கிடப்பதைப் பார்த்து வலி போய்விட்டது என்று எண்ணுவது எத்தனை சுலபம்!

அதனால் படிவத்தில் இரண்டு தனித் தனிக் கட்டங்கள் வேண்டும்: வலிதணிப்பு, கண்ணயர்வு. ‘வலி நிவாரணி’ விளம்பரத்தில் ஊறிப்போன சொல், தைலத்துக்கும் அதுதான் பெயர். ‘வலிநீக்கி’ கொஞ்சம் அதிகமாக வாக்குக் கொடுக்கிறது. வலி பத்துக்கு ஒன்பது என்று சொன்னவர் மூன்று, நான்கு என்று சொன்னால் நாங்கள் நிம்மதி அடைவோம்; நீக்குவது எப்போதும் நடப்பதில்லை.

மார்ஃபின், ஃபென்டனில் வகைக்கு யாரோ ‘போதைவழி வலிதணிப்பி’ என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் பக்கம் ‘போதை ஊசி’ என்ற சொல்லை வீடுகள் எப்படிக் கேட்கின்றன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். டிரமடால் என்ற வலி மருந்து 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகு, அந்தப் பெயரைச் சீட்டில் பார்த்தாலே மகனைச் சந்தேகமாகப் பார்க்கிற அப்பாக்கள் உண்டு. கால் நசுங்கி வந்த கன்டெய்னர் லாரி கிளீனருக்கு மார்ஃபின் மறுக்கப்படக் கூடாது. 1985-ம் ஆண்டின் அந்தச் சட்டம் நோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கிவிட்டது என்றுதான் 2014-ல் திருத்தம் வந்தது. நாம் சொல்லால் அந்தக் கதவை மறுபடி சாத்த வேண்டாம். ‘அபின்வகை வலிதணிப்பி’ என்றால் மூலமும் தெரியும், பழியும் ஒட்டாது. நலாக்சோன், ஃபுளுமசெனில் போன்றவற்றுக்கு ‘முறிமருந்து’ என்று பெரும்பாலானோர் ஏற்றுவிட்டீர்கள், எனக்கும் சம்மதம். முதலாவது அபின்வகையை முறிக்கும், இரண்டாவது மிடாசோலம் வகையை. மாற்றிப் போட்டால் பலனில்லை என்பதால் ‘எதற்கு முறி’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கெட்டமினில்தான் என் சொல் உதைக்கிறது. 1962-ல் உருவாக்கப்பட்ட மருந்து. வலியையும் குறைக்கும், ஆளையும் தள்ளிவைக்கும். இரத்த அழுத்தம் பொதுவாக இறங்காது, மூச்சும் பெரும்பாலும் தன்போக்கில் ஓடும். விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்கு அது எவ்வளவு உதவி என்பதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் கண் திறந்தே இருக்கும், கருவிழி இப்படியும் அப்படியும் ஆடும், கூப்பிட்டால் பதில் வராது. இதைக் கண்ணயர்வு என்று எழுதினால் பார்க்கிற அம்மாவுக்கு நாங்கள் பொய் சொன்னதுபோல் இருக்கும். இழையில் வந்த ‘விலகுநிலை’ நல்ல முயற்சிதான், ஆனால் மூட்டு இறங்குவதை நாங்கள் ‘மூட்டு விலகல்’ என்றுதான் எழுதுகிறோம். விலகிய மூட்டுக்கு விலகுநிலை மருந்து என்று படிவத்தில் வந்தால் யாருக்குப் புரியும்? ‘தொடர்பறு நிலை’ என்று வைக்கலாமா? கண் பார்க்கும், காது கேட்கும், அவற்றுக்கும் மனசுக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கும். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் உடனே ஏற்பேன்.

> டாக்டர்களே செடேஷன் என்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன?

எங்களுக்குள் பேச அது போதும். “பெட் ஆறுக்கு செடேஷன் போட்டிருக்கு” என்றால் வார்டில் எல்லோருக்கும் புரியும். வீட்டுக்கு அனுப்பும்போதுதான் ஆபத்து. சீட்டில் “மயக்கம் வந்தால் உடனே திரும்பி வரவும்” என்று அச்சடித்திருக்கிறது. வந்ததும் மயக்க ஊசி போட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் வீட்டில் ஆள் எழுப்ப முடியாமல் கிடந்தால், ஊசியின் வேலை என்றுதானே காத்திருப்பார்கள்? இரண்டு நிலைக்கும் இரண்டு பெயர் இருந்தால் இந்தக் காத்திருப்பு நடக்காது.

வீட்டுக்குப் போகும் சீட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரிகள் இவை. திருத்தி அனுப்புங்கள், முக்கியமாகத் திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்காட்டிச் சொல்லுங்கள்:

“இன்று உங்களுக்கு வலிதணிப்பு மருந்தும் கண்ணயர்வு மருந்தும் கொடுத்திருக்கிறோம். சில மணி நேரம் கண் அசந்து வரலாம். கூப்பிட்டால் விழித்துப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, மூச்சு மெதுவானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டாம், படகில் ஏற வேண்டாம், மது கூடவே கூடாது. வலி திரும்ப வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், வந்து சொல்லுங்கள்.”