பழைய ஆபீஸ் பெட்டிக்கு கிராபிக்ஸ் கார்டு: ஸ்லாட் 75 வாட் தரும் என்று யார் சொன்னது?

வயர் வாத்தியார்:
இன்னொரு இழையில் தேக்கா தம்பி எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "பழைய ஆபீஸ் கணினிக்கு ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகினால் போதும். பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம். ஸ்லாட் 75 வாட் கொடுக்கும், கார்டு கேட்பதும் 75 வாட்தான். கணக்கு முடிந்தது."

முடியவில்லை. போர்டில் கார்டைச் செருகும் இடம்தான் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். அதில் 12 வோல்ட் மின்சாரம் வரும் லைனில் அதிகபட்சம் 5.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 66 வாட். பாக்கி சுமார் 10 வாட் 3.3 வோல்ட் லைனில் வருவது. கார்டின் பெரும்பசி எல்லாம் 12 வோல்ட்டில்தான். 66ஐ 75 என்று மொட்டையாகச் சொன்னால் அது தப்பான தகவல். ஆபீஸ் ஆபீஸாகப் போய் இந்தப் பெட்டிகளைக் கழற்றி மாட்டிப் பிழைக்கிறவன் நான். இதைப் படித்துவிட்டு யாராவது காசைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தேக்கா தம்பி:
பெயரைச் சொல்லியே இழுத்துவிட்டீர்கள், சரி. 66உம் 10உம் எவ்வளவு? 76. நான் சொன்னது 75. ஒரு வாட் கூடவே இருக்கிறது, வாத்தியார் ஐயா.

என் மகனிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். ஐ5 4590 ப்ராசஸர், 290 வாட் பவர் சப்ளை. ப்ராசஸர் 84, கார்டு 75, டிஸ்க், ரேம், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 போட்டாலும் மொத்தம் 200ஐத் தாண்டாது. இன்னும் 90 வாட் சும்மா கிடக்கிறது. பையன் தினமும் விளையாடுகிறான். பெட்டி ஒரு நாளும் முனகியதில்லை.

வயர் வாத்தியார்:
மொத்தத்தை யார் கேட்டது? 290 என்பது பெட்டி முழுவதற்கும். நான் பேசுவது ஸ்லாட்டை. 66. திரும்பவும் சொல்கிறேன், 66.

2016இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 கார்டு வந்தபோது என்ன நடந்தது? பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் தரும் 6 பின் வயர் தனியாக இருந்தும் அது ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் இழுத்தது. ஊரே கத்தியது. ஜூலையில் புது டிரைவர் மென்பொருள் விட்டுத்தான் அடக்கினார்கள். ஸ்லாட் கணக்கு இவ்வளவு லேசானது என்றால் அந்தக் கம்பெனி எதற்கு மெனக்கெட வேண்டும்? அப்புறம், ஆன் செய்தவுடனே ஸ்லாட் முழு அளவையும் திறந்துவிடாது. தொடக்கத்தில் 25 வாட்தான். கார்டும் போர்டும் பேசி முடித்த பிறகே மேலே போக அனுமதி. இதெல்லாம் தெரியாமல் 'கணக்கு முடிந்தது' என்று எழுதக் கூடாது.

தேக்கா தம்பி:
ஆர்எக்ஸ் 480, 150 வாட் கார்டு. அதையும் 1650ஐயும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். 2019 ஏப்ரலில் நிவிடியா 75 வாட் என்று சொல்லித்தான் 1650ஐ இறக்கியது. தனி வயர் இல்லாத மாடலைச் செய்தவர்கள் ஸ்லாட்டை நம்பித்தானே செய்தார்கள்? அந்த இன்ஜினியர்களைவிட நீங்கள் பெரிய ஆளா?

வயர் வாத்தியார்:
'தனி வயர் இல்லாத மாடல்' என்று இப்போதுதானே வாயைத் திறக்கிறீர்கள்! முதலில் எழுதியதில் அந்த வார்த்தை எங்கே? ஃபேக்டரியிலேயே வேகம் கூட்டிய 1650 மாடல்கள் பலவற்றில் 6 பின் உண்டு. 9020யில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று 6 பின் வயரே வராது. உங்கள் பேச்சை நம்பி வாங்கி வந்தவர் என்ன செய்வார்? டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பிளக்கை 6 பின்னாக மாற்றும் வயரைத் தேடிப் போவார். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். 6 பின் கேட்கக்கூடியது 75.

அப்படி மாட்டிய பெட்டி ஒன்று என் மேசைக்கு வந்தது. பக்க மூடியைத் தூக்கியதுமே கருகல் வாடை. மஞ்சள் வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் குமிழ்விட்டிருந்தது. பிளக்கைப் பிடித்து இழுத்தால் ஒரு பின் மட்டும் வர மறுத்து உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் ராத்திரி முழுக்க கணினியை ஓடவிட்டுத் தூங்குவார்களாம். இதை நினைத்துத்தான் எழுதுகிறேன், உங்கள் மேல் எனக்கு என்ன பகை?

செங்காங் அக்கா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மகள் பாலிடெக்னிக்கில் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். ஆபீஸில் கழித்துக் கொடுத்த பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதுவும் 9020தான், ஆனால் ஒல்லியானது. இதற்கு எந்த கார்டு சரி? ஆர்எக்ஸ் 6400 மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள்.

தேக்கா தம்பி:
அக்கா, தாராளமாக வாங்குங்கள். 6400, 53 வாட்தான். வாத்தியாரின் 66க்கும் கீழே. அவரே வாழ்த்தி அனுப்புவார்.

வயர் வாத்தியார்:
அவசரப்பட்டு வாங்காதீர்கள் அக்கா. 6400இல் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது சுருக்கிக் கோப்பாக்கும் வசதியே சிப்பில் இல்லை. எடிட்டிங் படிக்கும் பெண்ணுக்கு முக்கியமாக வேண்டியதே அதுதான். இன்னொன்று, அந்த கார்டு நாலே நாலு லேனில், அதாவது தரவு போகும் பாதையில், ஓடுவது. நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டில் பரவாயில்லை. 9020யில் இருப்பது மூன்றாம் தலைமுறை, பாதை பாதியாகிவிடும். உங்களுடையது ஒல்லிப் பெட்டி என்பதால் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ளது உட்காருமா என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். பவர் சப்ளையும் டவரைவிடச் சின்னது, 255 வாட். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல், 70 வாட். என்கோடரும் நல்லது. இடம் இருந்தால் அது.

தேக்கா தம்பி:
70 வாட்! எல்லோரும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 75 வாட் கார்டுக்கு ஸ்லாட் 66தான் தரும், ஆபத்து என்று தொண்டை வற்றக் கத்தியவர், அக்காவுக்கு 70 வாட் கார்டைச் சொல்கிறார். அதுவும் இன்னும் சின்ன பவர் சப்ளை உள்ள பெட்டிக்கு. 70 பெரியதா 66 பெரியதா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வயர் வாத்தியார்:
70 என்பது இரண்டு லைனும் சேர்ந்த மொத்தம்.

தேக்கா தம்பி:
75உம் அப்படித்தான் ஐயா! முதலிலிருந்து நான் சொல்வதே அதுதான்!

வயர் வாத்தியார்:
நீங்கள் 'ஸ்லாட் 75 தரும்' என்றுதான் எழுதினீர்கள். எந்த லைனில் எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதாததை எழுதியதாகச் சொல்லாதீர்கள். 12 வோல்ட்டில் 66தான். இதை மறுக்க உங்களால் முடியுமா, முடியாதா? ஆமாம் அல்லது இல்லை.

ஜூரோங் வேலன்:
வாத்தியார் இப்படித்தான். போன தடவை நான் 9020க்குப் புது பவர் சப்ளை வாங்கி வந்து திறந்தால், போர்டில் வழக்கமான 24 பின் இல்லை, 8 பின் இருக்கிறது. இடையில் மாட்ட ஒரு மாற்று வயர் வேண்டும். இங்கே வந்து கேட்டேன். 'வாங்கும் முன் போர்டைத் திறந்து பார்க்கத் தெரியாதா' என்று ஒரு பத்தி. எங்கே கிடைக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வயர் வாத்தியார்:
வேலன், அன்றைக்கு கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்தில் ஏறி இறங்கித் தேடுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள்தான் கடைசி வரி வரைக்கும் படிக்கவில்லை.

ஜூரோங் வேலன்:
சிம் லிம்மா? அங்கே போய் நான் ஏமாந்த கதை தெரியாதா? ஒரு கடையில் ஜிடி 1030 என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் டிடிஆர்4 மெமரி உள்ளது. ஜிடிடிஆர்5 போட்டதன் வேகத்தில் பாதிகூட வராது. பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். அன்றிலிருந்து பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ஆளை நேரில் பார்த்து, ஓடவிட்டுக் காட்டச் சொல்லித்தான் வாங்குகிறேன்.

பூன்லே பாண்டி:
கரோசெல்லில் வருவதில் பாதி, கிரிப்டோ மைனிங்கில் வறுத்தெடுத்த கார்டு. சிம் லிம்மில் நல்ல கடையும் உண்டு. ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நாலு கடை ஏறி விலை கேட்டுப் பாருங்கள். ஒரு கடைக்காரர் செய்ததற்கு முழுக் கட்டடத்தையும் திட்டக் கூடாது.

ஜூரோங் வேலன்:
1650ஐ வைத்து யார் மைனிங் செய்தது? 4 ஜிபி கார்டில் என்ன கிடைக்கும்? தெரிந்ததைப் பேசுங்கள் பாண்டி.

பூன்லே பாண்டி:
நான் பொதுவாகச் சொன்னேன். உங்கள் கோபம் வாத்தியார் மேல், அதை என்னிடம் காட்ட வேண்டாம். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டிக்கே காசு போடக் கூடாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலின் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும், 9020யில் இருப்பது நாலாம் தலைமுறை. கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி சேர்த்தால் எட்டாம் தலைமுறை ஆபீஸ் பெட்டி பழையதாகவே கிடைக்கும். இதைக் கொண்டுபோய் மின்கழிவுத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். 2021 ஜூலையிலிருந்து இங்கே சிங்கப்பூரில் அதற்கென்று முறையான ஏற்பாடே இருக்கிறது.

வயர் வாத்தியார்:
ஓடுகிற பெட்டியைத் தொட்டியில் போடுவதா? எஸ்எஸ்டி போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்கி, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த 9020கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்துக்கு உழைக்கின்றன. அதில் போர்டு நல்ல போர்டு. நான் சொல்வது ஒன்றே ஒன்று: அளவு தெரிந்து மாட்டுங்கள். அளவு 66.

செங்காங் அக்கா:
தம்பிகளா, பெட்டியைத் திறந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு ஸ்லாட் தடிமன்தான் உட்காரும் போலிருக்கிறது, அடுத்தது பவர் சப்ளையின் சுவர். 3050இல் ஒற்றை ஸ்லாட்டில் ஏதாவது கிடைக்குமா?

தேக்கா தம்பி:
அக்காவின் கேள்விக்கு வாத்தியார்தான் பதில் சொல்ல வேண்டும், 70 வாட்டை அவர்தானே சிபாரிசு செய்தார். அதற்கு முன்னால் என் கணக்குக்கு ஒரு பதில் வேண்டும். 66உம் 10உம் கூட்டினால் என்ன?

வயர் வாத்தியார்:
கூட்டக் கூடாது என்பதுதானே என் வாதமே. இரண்டும் வேறு வேறு லைன். உங்கள் மகனின் பெட்டியைக் கழற்றி, கார்டில் 6 பின் இருக்கிறதா இல்லையா என்று ஒரு படம் போடுங்கள். எத்தனை முறை கேட்பது?

தேக்கா தம்பி:
இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறீர்கள். ஓடுகிற பெட்டியை உங்களுக்காகக் கழற்ற நான் என்ன உங்கள் அசிஸ்டென்ட்டா?

ஜூரோங் வேலன்:
அந்த 24க்கு 8 பின் மாற்று வயர் சிம் லிம்மில் எந்த மாடி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

வயர் வாத்தியார்:
வேலன், அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே கலக்காதீர்கள். தேக்கா தம்பி, கழற்ற முடியாவிட்டால் கார்டின் மாடல் பெயரையாவது எழுதுங்கள், நானே தேடிப் பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் 75 என்று இங்கே யார் எழுதினாலும் கீழே வந்து 66 என்று எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

தேக்கா தம்பி:
75.

வயர் வாத்தியார்:
12 வோல்ட்டில் 66.