ரிட்டயர் ஆன பிறகு கமரா பழகலாமா? திருகோணமலையில் எங்கே தொடங்குவது?

உப்புவெளியான்:
வணக்கம். போன மாதத்தோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டிலேயே இருந்தால் மனுசிக்கும் எனக்கும் தேவையில்லாத கதை வளரும் போலிருக்கிறது, அதனால் பறவை, மான், கடல் என்று இயற்கையைப் படம் எடுத்துப் பழக ஆசை. கனடாவில் இருக்கும் மகன் நல்ல கமராவும், தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் 150-600 மி.மீ. லென்ஸும் அனுப்புகிறேன் என்கிறான். எனக்கோ முழங்கால் நோ, போனில் பேரப்பிள்ளைகளைத் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. இந்த வயதில் சரிவருமா? எங்கே போய்ப் பழகலாம்? இருப்பது ஒரு ஸ்கூட்டி மட்டும்தான்.

கொட்டியாரக்குடா:
ஐயா, மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த லென்ஸ் மட்டுமே 2 கிலோ அளவில் வரும். அதைத் தூக்கிப் பிடித்தபடி கொக்கு எப்போது பறக்கும் என்று காத்திருந்தால் முழங்காலோடு தோள்மூட்டும் போய்விடும். தொடக்கத்துக்கு நிக்கோன் பி950 போல, லென்ஸ் கழற்றாத சூம் கமரா ஒன்று போதும். ஏறத்தாழ 1 கிலோ, 2000 மி.மீ. வரை இழுக்கும். குறையும் உண்டு, வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சர் சின்னது, வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவியது மாதிரி வரும். வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகு போங்கள், ஆனால் 10 மணி தாண்டினால் கடற்கரை மணலிலிருந்து சூடு கிளம்பி தூரத்துப் படமெல்லாம் நெளியும்.

நிலாவெளிக்காரன்:
கமராச் சண்டை பிறகு. முதலில் கோட்டைக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மர நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், ஆட்களுக்குப் பயமே இல்லை, கையில் இருக்கும் போனிலேயே பழகலாம். நின்றபடி எடுத்தால் முதுகும் புள்ளியும்தான் விழும், கமரா மானின் கண் உயரத்துக்கு இறங்கவேண்டும். குனிய ஏலாதென்றால் சின்ன மடக்குக் கதிரை ஒன்றை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போங்கள். ஃபோக்கஸ் கண்ணில் இருக்கட்டும், மூக்கு கூராகி கண் மங்கினால் படம் செத்துப்போகும். அந்த மான்கள் பொலித்தீன் மெல்லுவதையும் பார்ப்பீர்கள். அதையும் எடுங்கள், இயற்கைப் படம் என்றால் அழகாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கமும் கடற்படையின் டொக்யார்ட் பக்கமும் கமராவைத் திருப்பாதீர்கள்.

அப்புறம் நிலாவெளிக் களப்பு ஓரம். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் இருங்கள். நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவை முதலில் விலகிப்போகும், பிறகு உங்களை மறந்துவிட்டு, அந்த மெல்லிய சிவப்புக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துக் கிட்டே மேய வரும்.

தம்பலகாமத்துப் பிள்ளை:
கொட்டியாரக்குடா அண்ணை சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பறக்கிற பறவையில் ஆசை இருந்தால் சூம் கமரா சீக்கிரம் அலுத்துவிடும், அது ஃபோக்கஸ் பிடிப்பதற்குள் பறவை போய்விடும். லென்ஸ் மாற்றக்கூடிய பழைய கெனன் கமரா ஒன்றும் 70-300 லென்ஸும் செக்கன் ஹேண்டில் தேடுங்கள், தோளும் தாங்கும். ஷட்டர் வேகத்தை 1/1600 செக்கன் அளவில் வையுங்கள். எங்கள் ஊர் வயலில் உழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் இறங்கும், மேலே செம்பருந்து வட்டமிடும், பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வரம்பில் ஏறுமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று, உப்புக்காற்று. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மாரியில் பையிலேயே விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், திருத்துகிற காசுக்கு வேறொன்று வாங்கலாம். கூட்டில் குஞ்சு இருந்தால் கிட்டப் போகவே வேண்டாம், தாய் எழும்பிப் போனால் காகம் காத்துக்கொண்டிருக்கும்.

உப்புவெளியான்:
எல்லோருக்கும் நன்றி. லென்ஸை இப்போதைக்கு அனுப்பவேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன், அவனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. மான்களோடு தொடங்குகிறேன். திமிங்கிலம் படம் எடுக்கலாமா, அல்லது அது பேராசையா?

கொட்டியாரக்குடா:
மார்ச், ஏப்ரலில் கடல் அமைதியாக இருக்கும், நீலத்திமிங்கிலம் வரும் காலமும் அதுதான். சில நாட்களில் கோணேசர் மலையில் நின்றே மூச்சு விடும் நீர்ப்புகை தெரியும். படகில் போவதென்றால் வாந்திக் குளிசையைக் கரையிலேயே போட்டுவிடுங்கள்.