பரங்கியில் மஞ்சள் தேமல், தேனீயும் வருவதில்லை

வாழப்பாடி: பரங்கி இலையெல்லாம் மஞ்சள் தேமல் விழுந்து சுருங்குகிறது, பூவும் குறைவு, தேனீயும் வருவதில்லை. தேனீதான் நோயைப் பரப்புகிறதா அண்ணா? என்ன மருந்து அடிக்கலாம்?

ஓமலூர்: தேனீ மேல் பழி போடாதீங்க தம்பி, இது பூச்சி பரப்பும் வைரஸ் நோய். இலை நரம்பு மட்டும் மஞ்சளானால் வெள்ளை ஈயின் வேலை. இலை மேடுபள்ளமாகித் திட்டுத்திட்டாகத் தேமல் விழுந்தால் பெரும்பாலும் அசுவினிப் பூச்சி. அது குத்திய சில நொடியிலேயே வைரஸ் ஏறிவிடும், மருந்தில் அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். வைரஸுக்கு மருந்தே கிடையாது, ஆரம்பத்திலேயே கொடியைப் பிடுங்கி எரித்துவிடுங்க.

ஏற்காடு அடிவாரம்: கொடி நொந்தால் பூ குறையும், அப்புறம் தேனீ ஏன் வரும்? இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்தை அடித்து மிச்சத் தேனீயையும் கொல்லாதீங்க. விடியலில் விரியும் பூ மதியத்துக்குள் மூடிவிடும், தேனீ வராததால் காலையிலேயே நீங்களே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுங்க.

வாழப்பாடி: சரி, வேலியோரக் கோவைக்கொடி?

ஓமலூர்: அதிலும் வைரஸ் தங்கும், எடுத்துடுங்க.