றோயல் நீலச் சீலை அச்சில ஊதாவா வருது, என்ன செய்யலாம்?

கேள்வி (கொக்குவில்):
போன மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் படம் எடுத்தனான். பிள்ளைக்குக் கனடாவில இருந்து மாமா அனுப்பின றோயல் நீலப் பட்டு. மொனிற்றரில நீலம் நீலமாத்தான் நிக்குது. அச்சடிச்சு வந்த ஆல்பத்தில கத்தரிப்பூ நிறம். கொசுவ மடிப்பும் காணேல்ல, ஒரே தட்டையாக் கிடக்கு. முகம் மட்டும் நல்லா வந்திருக்கு. தாய் பாத்திட்டு, "இது எங்கட சீலை இல்லைத் தம்பி" எண்டா. அந்தச் சொல் இன்னும் மனசில கிடக்கு. 40 பக்கத்தையும் திருப்பி அடிச்சுக் குடுக்கப்போறன். திரைக்குரிய வழமையான நிற முறை எஸ்ஆர்ஜிபியிலதான் (sRGB) அச்சகத்துக்கு அனுப்பினனான். எங்க பிழைச்சது?

பதில் 1:
மொனிற்றரைக் கலிபிறேற் செய்தனீங்களோ, அதாவது நிறத்தைச் சரியாக் காட்டுற மாதிரிச் சரிப்படுத்தினனீங்களோ?

கேட்டவர்:
ஓம், படம் திருத்த முதலே செய்தனான்.

பதில் 2:
தம்பி, அப்ப பிழை மொனிற்றரில இல்லை. 12 வருஷம் அச்சகத்தில பிளேற் (அச்சுத் தகடு) எடுக்கிற வேலை செய்தனான், இந்த நீலத்தோட எத்தினை தரம் மல்லுக்கட்டியிருப்பன். திரை ஒளியால நிறம் காட்டுது. தாளில சயன் மையும் (பச்சை சாடையான நீலம்) மஜென்ரா மையும் (ஊதாச் சிவப்பு) கலந்துதான் நீலம் வரவேணும். ரெண்டையும் 100 வீதத்துக்கு விட்டால் ஊதாதான்.

மடிப்பு காணாமல் போனதைப் பாத்தால், அச்சகத்தில திரை நிறத்தை அச்சு நிறமா 'றிலேற்றிவ் கலரிமெற்றிக்' எண்ட முறையில மாத்தியிருக்கினம். தாளில அடங்கிற நிறத்தை அது கிட்டத்தட்ட அப்பிடியே விடும், அதுதான் முகம் தப்பினது. அடங்காத நீலங்களையெல்லாம் எல்லையில கொண்டுபோய் ஒண்டாக் குவிச்சுப்போடும். 'பெர்செப்சுவல்' எண்ட மற்ற முறை முழு நிறத்தையும் சேத்துச் சுருக்கும். மடிப்பு மிஞ்சும், ஆனால் முகமும் கொஞ்சம் வாடும்.

அச்சகத்தில அவையின்ர தாளுக்குரிய ஐசிசி புறொபைலை, அதாவது அந்தத் தாளில நிறம் எப்பிடி வரும் எண்டு சொல்லுற கோப்பைக் கேட்டு வாங்கும். போட்டோஷொப்பில புறூவ் செற்றப்பில (அச்சில எப்பிடி வரும் எண்டு திரையில பாக்கிற இடம்) அதைக் குடுத்து, கமற் வோர்னிங்கைப் (நிறம் அடங்காத எச்சரிக்கை) போட்டால் அடங்காத இடம் சாம்பலாத் தெரியும். சீலையை மட்டும் மாஸ்க் பண்ணி (தனியாப் பிரிச்சு), நிறச் செறிவைக் குறைச்சு, ஹியூவை (நிறச் சாயலை) கொஞ்சம் சயன் பக்கம் தள்ளும். முகத்தில கை வைக்காதையும். வெளிறின நீலத்தையும் அந்த அம்மா நீலம் எண்டுதான் சொல்லுவா. ஊதாவை ஒருநாளும் சொல்லமாட்டா.

பதில் 3:
40 பக்கத்தையும் ஒரேயடியா அடிக்காதேங்கோ. முதல் ஒரு பக்கம் அதே தாளில அடிச்சு, பகல் வெளிச்சத்தில பாருங்கோ. ரியூப் லைற்றுக்குக் கீழ பாத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேட்டவர்:
அண்ணை, நேற்று ஒரு பக்கம் அடிச்சு அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனன். விறாந்தையில சீலையை விரிச்சு, பக்கத்தில வைச்சுப் பாத்தம். பட்டின்ர மினுக்கம் இல்லை, ஆனால் நீலம். கொசுவ மடிப்பை எண்ணலாம். மிச்சப் பக்கங்களையும் அடிக்கச் சொல்லிட்டா.