ராஸ்பெரி பை 5: வசன வரிகளை இயக்கினால் அனிமே திணறுவது ஏன்?

கேள்வி
வணக்கம். மென்பொருள் துறையில் பணியாற்றும் நான், விலைகொடுத்து வாங்கிய அனிமே புளூரே வட்டுகளைக் கோப்புகளாக்கி, வார இறுதிகளில் ராஸ்பெரி பை 5 என்ற சிறு கணினியில், வீட்டுக் காணொளிகளை மற்ற சாதனங்களுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வர் ஒன்றை அமைத்து வருகிறேன். தொலைக்காட்சிச் செயலியில் படம் தங்குதடையின்றி ஓடுகிறது. ஆனால் ஆங்கில வசன வரிகளை இயக்கியவுடன் விட்டுவிட்டு நிற்கிறது, பையின் நான்கு சிபியு கோர்களும் முழுச் சுமைக்கு ஏறுகின்றன. காரணம் என்ன?

பதில்
புளூரே வட்டில் உள்ள வசன வரிகள் எழுத்துகள் அல்ல, பிஜிஎஸ் எனப்படும் படங்கள். உங்கள் தொலைக்காட்சிச் செயலிக்கு அவற்றைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வர் காணொளியின் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) பிரித்து, வரியை அதன்மேல் பதித்து, மீண்டும் சுருக்கி அனுப்ப வேண்டியிருக்கிறது. பை 5இல் காணொளியைச் சுருக்குவதற்கான வன்பொருளே கிடையாது என்பதால் முழு வேலையும் சிபியுவின் தலையில் விழுகிறது. சப்டைட்டில் எடிட் மென்பொருளால் அந்தப் படங்களை எஸ்ஆர்டி என்ற வெறும் எழுத்து வடிவக் கோப்பாக மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும்.

பதில்
தீரும்தான்; ஆனால் கடைப்பலகை, கடிதம் போன்றவற்றின் அருகே வைத்த மொழிபெயர்ப்பு தன் இடத்தை இழந்து, வசனத்தோடு கீழே வந்து கலந்துவிடும். அனிமேவில் அது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். பையை நேரடியாகத் தொலைக்காட்சியில் இணைத்து, லிப்ரெஎலெக் என்ற இயங்குதளம் வழியாகக் கோடி (Kodi) என்ற காணொளி இயக்கும் மென்பொருளை நிறுவுங்கள். அது பிஜிஎஸ் வரிகளை அப்படியே காட்டும். கூடவே திரையின் புதுப்பிப்பு வீதத்தைக் காணொளிக்கேற்ப மாற்றும் அமைப்பையும் இயக்குங்கள். நொடிக்கு 23.976 சட்டகங்கள் கொண்ட படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டும்போது, பின்னணி ஓவியம் மெதுவாக நகரும் காட்சிகளில் தெரியும் அதிர்வு அதனால் மறையும்.