பட்டங்கோருநர்: ‘பிரிடெண்டர்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இடைக்கால இங்கிலாந்தின் அரியணைச் சண்டைகளுக்கான சொற்பட்டியலில் ‘பிரிடெண்டர்’ (அரியணை தனக்கே உரியது என்று கோருபவர்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் இன்னும் முடிவாகாமல் இருக்கிறது. இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பாசாங்கு இளவரசர்’ என்று வைக்கலாம். அகராதிப் பொருளும் அதுதான்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாசாங்கு செய்வது என்பது அந்த ஆங்கில வினைச்சொல்லின் இன்றைய பொருள். அரச வரலாற்றில் அது உரிமை கோருவது என்ற பழைய பொருளில் நிற்கிறது. பிரெஞ்சிலும் அந்த வினைக்கு அதுதான் பொருள். ‘பழைய பிரிடெண்டர்’ என்று பெயர்பெற்ற ஜேம்ஸ் பிரான்சிஸ் எட்வர்டு, 1688-இல் நாட்டை விட்டுப் போன இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் மகன். தந்தை 1701-இல் இறந்ததும் பட்டம் தனக்கே என்றார். அவர் யார்போலவும் நடிக்கவில்லை. ‘பாசாங்கு’ என்று எழுதினால் அவருடைய எதிரிகளின் தீர்ப்பை நாமே தலைப்பில் எழுதிவிடுகிறோம். அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பதைக் கட்டுரை சொல்லட்டும், கலைச்சொல் சொல்லக்கூடாது.

> ‘போட்டி அரசர்’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் மட்டில்டாவுக்கு அது பொருந்தாது. முதலாம் ஹென்றியின் முறைப்படியான ஒரே மகன் வில்லியம், 1120 நவம்பரில் ‘வெள்ளைக் கப்பல்’ மூழ்கியபோது இறந்துபோனான். மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்பதாக 1127-இல் பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் அவருடைய சகோதரி அடேலாவின் மகன் ஸ்டீபனும் ஒருவர். 1135 டிசம்பர் 1 அன்று ஹென்றி நார்மண்டியில் இறந்தார். மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 22 அன்று, ஸ்டீபன் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிக்கொண்டார். 1141 பிப்ரவரியில் லிங்கன் போரில் மட்டில்டாவின் படை ஸ்டீபனைச் சிறைபிடித்தது. அதன் பிறகும் மட்டில்டாவால் முடிசூட முடியவில்லை. வின்செஸ்டரில் கூடிய திருச்சபைப் பேரவை அவரை ‘ஆங்கிலேயரின் தலைவி’ என்று ஏற்றது, அவ்வளவுதான். ஜூனில் லண்டன் மக்கள் அவரை விரட்டிவிட்டார்கள். அபிஷேகம் பெற்ற ஸ்டீபன் சிறையில் இருந்தபோதும் அரசராகவே இருந்தார். ஆக அங்கே அரசர் ஒருவர், கோருபவர் ஒருவர். ‘போட்டி அரசர்’ என்று எழுதினால் மட்டில்டாவுக்குக் கடைசிவரை கிடைக்காத ஒன்றை நாம் கொடுத்துவிடுகிறோம். அவர் பெண் என்பதால் ‘போட்டி அரசி’ என்று மாற்ற வேண்டிவரும். அதைப் படிப்பவர் ஸ்டீபனின் மனைவிக்குப் போட்டி என்று நினைக்கவும் இடமுண்டு. அந்த அரசியின் பெயரும் மட்டில்டாதான்!

இப்போது என் முன்மொழிவு: பட்டங்கோருநர்.

‘அனுப்புநர்’, ‘பெறுநர்’, ‘ஓட்டுநர்’ எல்லாம் நாம் தினமும் எழுதும் சொற்கள். அதே அமைப்புதான் இது, ஆண் பெண் இருவருக்கும் பொதுவாகவும் நிற்கும். ‘பட்டம்’ என்றதும் கல்லூரிப் பட்டம் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ‘பட்டத்து யானை’, ‘பட்டத்து இளவரசர்’ என்று படிக்கும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வருவதில்லையே. ‘முடிகோருநர்’ ஏன் கூடாது என்று கேட்டால், முடிசூட்டு வேறு, பட்டத்துக்கு வருவது வேறு. 1272 நவம்பரில் மூன்றாம் ஹென்றி இறந்தபோது மகன் முதலாம் எட்வர்டு சிலுவைப் போருக்குப் போயிருந்தார். அவர் திரும்பிவந்து முடிசூடியது 1274 ஆகஸ்டில். ஆனால் அவருடைய ஆட்சியை 1272 நவம்பரிலிருந்தே கணக்கிடுகிறார்கள். 1483-இல் சிறுவன் ஐந்தாம் எட்வர்டு முடிசூடவே இல்லை, ஆனாலும் அரசர் பட்டியலில் இருக்கிறான். ‘பட்டத்துக்கு வந்தார்’ என்ற நம் பேச்சு வழக்கு இந்த இரண்டையும் தாங்கும்.

அப்புறம், இந்த ஒரு சொல்லோடு வேலை முடியாது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பட்டத்துக்கு உரிமை இருப்பது ஒன்று, அதைக் கோருவது இன்னொன்று. எட்மண்ட் மார்ட்டிமரைப் பாருங்கள். மூன்றாம் எட்வர்டின் மகன்களில் வளர்ந்து ஆளானவர்களில் இரண்டாமவர் லயனல். அவருடைய மகள் வழியில் வந்தவர் எட்மண்ட். 1399-இல் பட்டத்தைப் பிடித்த நான்காம் ஹென்றியோ மூன்றாமவர் ஜானின் மகன். பெண் வழி உரிமையை ஏற்றால் மார்ட்டிமர்தான் மூத்த வழி. அவருடைய சகோதரியை மணந்திருந்த கேம்பிரிட்ஜ் பிரபு ரிச்சர்டு, 1415-இல் மார்ட்டிமரை அரசராக்கச் சதி செய்தார். அந்தச் சதியை ஐந்தாம் ஹென்றியிடம் சொன்னவர் மார்ட்டிமரேதான். மைத்துனர் தலையை இழந்தார். தன் வாயால் ஒருநாளும் கேட்காத இந்த மனிதரைப் ‘பட்டங்கோருநர்’ என்று எழுதவே கூடாது. இவருக்குப் பட்டத்துரிமையர் என்ற தனிச்சொல் வேண்டும்.

மார்ட்டிமர் 1425-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். உரிமை அவருடைய சகோதரி மகன் யார்க் கோமகன் ரிச்சர்டுக்கு வந்தது. தாய்மாமனிடமிருந்து வந்த உரிமை. அதற்காகச் செத்தது அவருடைய அப்பா, கேம்பிரிட்ஜ் ரிச்சர்டு. யார்க் ரிச்சர்டும் நெடுங்காலம் கோரவில்லை. ஆறாம் ஹென்றியின் அரசைக் காப்பாளராக நடத்தினார், அரசரைச் சுற்றியிருந்தவர்களோடு போரிட்டார், ஆனால் பட்டம் எனக்கு என்று சொல்லவில்லை. 1460 அக்டோபரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்து அரியணைமேல் கை வைத்தார். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. உரிமை சிலகாலம் வாய்மூடிக் கிடந்தாலும் அழுகிப்போய்விடாது என்று அவர் தரப்பு பதில் சொன்னது. அந்த நாளுக்கு முன் அவர் பட்டத்துரிமையர், அதன் பிறகு பட்டங்கோருநர். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் அந்த நாளின் கனம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது வகை, பெயரே பொய். இங்கே ‘ஆள்மாறாட்டம்’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதையும் தேட வேண்டாம். லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை, யார்க் ரிச்சர்டின் மகன்வழிப் பேரனான வாரிக் பிரபு எட்வர்டு என்று சொல்லி 1487 மே மாதம் டப்ளினில் முடிசூட்டினார்கள். உண்மையான வாரிக் அப்போது லண்டன் கோபுரத்தில் சிறையில் இருந்தான். அப்போதைய அரசர் ஏழாம் ஹென்றி (ஹென்றி டியூடர்) அவனை வெளியே கொண்டுவந்து ஊரறியக் காட்டினார். ஜூனில் ஸ்டோக் போரில் சிம்னலின் தரப்பு தோற்றது. சிறுவனை மன்னித்து அரண்மனைச் சமையல்கட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த பெர்க்கின் வார்பெக், யார்க் ரிச்சர்டின் மகனான அரசர் நான்காம் எட்வர்டின் இளைய மகன் தான்தான் என்றார். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் அவருக்குத் தன் உறவுக்காரப் பெண்ணையே மணமுடித்து வைத்தார். 1499 நவம்பரில் வார்பெக்கைத் தூக்கிலிட்டார்கள். சில நாளில் வாரிக்கின் தலையையும் வெட்டினார்கள். ஒருவர் பொய்யான பெயரில் கோரியவர். இன்னொருவர் மெய்யான உரிமையோடு பிறந்து, கோரவும் தெரியாமல், பத்து வயதிலிருந்து சிறையில் வளர்ந்தவர். இரண்டு பேரையும் ‘பாசாங்கு’ என்ற ஒரே தலைப்பில் போடலாமா? வாரிக்கை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சிம்னல், வார்பெக் இருவரையும் ‘ஆள்மாறாட்டப் பட்டங்கோருநர்’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு.

> ரோஜாப்பூப் போர்களைத் ‘தாயாதிப் போர்’ என்றே சொல்லிவிடலாமே. தாயம் பழந்தமிழ்ச் சொல் அல்லவா?

தாயம் அருமையான சொல். புறநானூற்றில் நலங்கிள்ளியின் பாட்டிலேயே ‘பழவிறல் தாயம்’ என்று அரசுரிமையைக் குறித்து வருகிறது. ஆனால் தாயாதி என்பது ஆண்வழிப் பங்காளி. ரோஜாப்பூப் போர்களில் பட்டத்துக்காக மோதிய லங்காஸ்டர் (நான்காம் ஹென்றியின் வழி), யார்க் இரண்டு வீட்டாரும் ஆண்வழியில் பங்காளிகள் என்பது உண்மை. ஆனால் யார்க் தரப்பு சட்டப்படி ஊன்றி நின்றது தாய்வழியில் வந்த லயனலின் உரிமையில். ஸ்டீபனோ மட்டில்டாவுக்கு அத்தை மகன், பங்காளியே அல்ல. ‘வாரிசுரிமைப் போர்’ என்ற சொல் நம் பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டாம். ஆனால் இந்தக் கட்டுரைகளில் உறவுகளை ஒன்றுவிட்ட சகோதரர் என்று பொதுவாக எழுதாமல் அத்தை மகன், தாய்மாமன், மைத்துனர் என்றே எழுத வேண்டுகிறேன். யாருடைய உரிமை எந்த வழியில் வந்தது என்பது உறவுச்சொல்லிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டீபன், மட்டில்டா சண்டைக் காலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அனார்க்கி’க்கு ‘அரசின்மை’ சரிவராது; அரசர் இருந்தார், அவருடைய ஆணை எல்லா இடத்திலும் செல்லவில்லை. ‘பெருங்குழப்பக் காலம்’ போதும் என்பது என் கருத்து.

புதிய சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “ஹென்றி டியூடர் 1485 ஆகஸ்ட் 22 காலைவரை பட்டங்கோருநர், பாஸ்வர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டு வீழ்ந்ததும் அரசர்.” நன்றாகவே ஓடுகிறது. ஹென்றி தன் ஆட்சியைப் போருக்கு முந்திய நாளிலிருந்து கணக்கிட்டு, எதிரே நின்றவர்களைத் துரோகிகளாக்கினார். வென்ற பட்டங்கோருநர் தன்னை அப்படி அழைக்க விடமாட்டார் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஏற்கெனவே பட்டம் இழந்திருந்த ஆறாம் ஹென்றி 1470 அக்டோபரில் மறுபடியும் அரியணை ஏறி, 1471 ஏப்ரல்வரை ஆண்டார். இந்த ஆறு மாதத்துக்கு ஆங்கிலத்தில் ‘ரீஅடெப்ஷன்’ என்ற தனிப்பெயர் உண்டு. ‘மீள்பட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன், ‘மறுபட்டம்’ என்றும் பார்த்தேன். முதலாவது பரவாயில்லை என்று தோன்றுகிறது, ஆனால் காதுக்கு இன்னும் பழகவில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.