சாம்பல் பூத்த கறுப்பு பிளாஸ்டிக்: ஹீட் கன்னா, கோட்டிங்கா, பெயின்ட்டா?

வெயில்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டிக்கு வயது பத்தை நெருங்குகிறது. என்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பெயின்ட்டும் பரவாயில்லை. ஆனால் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம் வெளுத்துப்போய் வண்டியையே கிழடாகக் காட்டுகிறது. முன் பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரத்தைச் சுற்றியுள்ள கிளாடிங், பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே வரும் கவுல். இதில் கவுல்தான் ரொம்ப மோசம். விரலை வைத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத் தூள் ஒட்டுகிறது.

டேஷ்போர்டு பாலிஷ் போட்டால் அன்றைக்கு மட்டும் மின்னுகிறது. ஒரு மழை வந்தால் போச்சு, கதவில் எண்ணெய் வடிந்த கோடுதான் மிச்சம். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடி என்கிறார் ஒருவர், பெயின்ட் அடித்துவிடு என்கிறார் இன்னொருவர். ஓரிரு வருடமாவது தாங்குகிற மாதிரி என்ன செய்யலாம்?

சூடான கை:

ஹீட் கன்தான், சந்தேகமே வேண்டாம். எண்ணெய், பூச்சு எதுவும் தேவையில்லை, கண் முன்னால் கறுப்பாகும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள், அவ்வளவுதான்.

சொரசொரப்பு:

ஹீட் கன்னை நான் முழுசாக ஒதுக்கவில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு கையில் எடுங்கள்.

இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். கூடவே கொஞ்சம் ரப்பர், டால்க் தூள், கறுப்புக்குக் கார்பன் பிளாக். கழற்றக்கூடிய துண்டு ஏதாவது இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், ‘பிபி+இபிடிஎம்-டி20’ என்பது போல ஏதாவது அச்சாகியிருக்கும். பிபி என்பது பாலிப்ரொப்பிலீன், இபிடிஎம் அந்த ரப்பர், டி20 என்பது 20 சதவீதம் டால்க். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்க, தயாரிக்கும்போதே கலந்த நிலைப்படுத்திகள் வருடக்கணக்கில் செலவாகித் தீர்கின்றன. அப்புறம் மேல்தோல் பொடிந்து, நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வெளிச்சம் அந்த வெடிப்புகளில் பட்டுச் சிதறுவதால்தான் சாம்பலாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் கறுப்பு எங்கேயும் போகவில்லை.

ஹீட் கன் அந்த மேல்தோலை இளக்கி வெடிப்பை மூடுகிறது, அதனால் கறுப்பு திரும்பத் தெரிகிறது. தீர்ந்துபோன நிலைப்படுத்தி மட்டும் திரும்பி வராது. மேலே காப்பு எதுவும் போடாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி வெளுக்கும். இன்னொரு சங்கதி: பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரிகூட வரும். கை ஒரு கணம் தாமதித்தால் பம்பரின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் படுத்துவிடும். படுத்த இடம் பளபளவென்றும் பக்கத்து இடம் மங்கலாகவும் நிற்கும், எந்தப் பூச்சாலும் அதை மறைக்க முடியாது. கவுல் மேல் பிடிப்பது இன்னும் வம்பு, முன்கண்ணாடி விரிசல் விடலாம். சும்மா கிடக்கும் சின்னத் துண்டில் பிடித்துப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி முழுக்க இதையே நம்பாதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. வெளுத்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் ஒரே சீராகக் கறுத்து, காய்ந்ததும் சாம்பலானால் சேதம் மேலோட்டமானது, மேலே இறுகி நின்று காக்கும் பூச்சான கோட்டிங் போதும். ஈரத்திலும் திட்டுத்திட்டாக வெள்ளை நின்றால், ஒன்று தோல் ஆழமாகப் போயிருக்கிறது, இல்லை அது வெளுப்பே இல்லை, சொரசொரப்புக்குள் காய்ந்து உட்கார்ந்த வாக்ஸ். பெயின்ட்டுக்கு வாக்ஸ் போடும்போது பக்கத்து பிளாஸ்டிக்கில் பட்டதை அப்படியே விட்டால் இப்படித்தான் ஆகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெயில்வண்டி:

பார்த்தாயிற்று. பம்பரும் கிளாடிங்கும் ஈரத்தில் நன்றாகக் கறுக்கின்றன. கதவு ஓரப் பட்டையில் வெள்ளைக் கோடு ஒன்று போகவே மாட்டேன் என்கிறது, நீங்கள் சொன்ன வாக்ஸாகத்தான் இருக்கும். கவுல் ஈரத்திலும் நரைத்தே நிற்கிறது. வீட்டில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் இருக்கிறது, அதைத் தடவலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். சரிவருமா?

சொரசொரப்பு:

எண்ணெய் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். அதனால் சமையல் எண்ணெயைவிடக் கொஞ்ச நாள் கூடத் தாங்கும், உண்மைதான். ஆனால் இறுகும்வரை பிசுபிசுப்பில் தூசியெல்லாம் ஒட்டும், போகப்போக மஞ்சளடிக்கும். அதைவிட முக்கியம் துடைத்த துணி. சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய் அது. பயன்படுத்தியே தீருவேன் என்றால் துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். டீசல், பழைய என்ஜின் ஆயில் பக்கமே போகாதீர்கள். பக்கத்து ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

இனி வேலை. முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதற்கே போகும், போகவும் வேண்டும். நீங்கள் இதுவரை போட்ட பாலிஷில் சிலிக்கோன் இருந்திருக்கும். அது சொரசொரப்பின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும்வரை எவ்வளவு உசத்தியான கோட்டிங்கும் பிடிக்காது. ஆல் பர்ப்பஸ் கிளீனரை டப்பாவில் சொன்ன அளவு கலந்து, நைலான் பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேயுங்கள். முதலில் நுரை அழுக்கு நிறத்தில் வழியும். நுரை வெள்ளையாகவே நிற்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நிழலில், பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போதுதான். கிளீனர் மேலேயே காய்ந்தால் அது தனிக் கறையாகிவிடும்.

கதவுப் பட்டையின் வாக்ஸுக்கு வெள்ளைப் பென்சில் ரப்பரை எடுத்து அழுத்தித் தேயுங்கள். பள்ளத்தில் இருப்பது உருண்டு உருண்டு வெளியே வரும். மிச்சத்துக்குக் கிளீனரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்.

நன்றாகக் காயவிடுங்கள். இடுக்கில் தங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் பிறகு வழிந்து வந்து காரியத்தைக் கெடுக்கும், முடிந்தால் காற்று ஊதுங்கள். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடை. துணியில் இன்னமும் சாம்பல் வந்தால் திரும்ப பிரஷ்தான். பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கையுறை போட்டுக்கொண்டு டிரிம் கோட்டிங்கை (பெயின்ட் அடிக்காத வெளிப் பிளாஸ்டிக்குக்கான கோட்டிங்) எடுங்கள். டிரஸ்ஸிங் என்று எழுதியிருப்பது வேண்டாம், அது கழுவினால் போய்விடும் வகை. ஸ்பாஞ்சில் சில சொட்டுகள் விட்டு, ஒரு கையகலத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் உபரியைத் துடைத்துவிடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் துடைக்காமல் விட்ட இடம் அடர்த்தியாகத் தெரியும். அது இறுகிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஒருநாளாவது தண்ணீர் படாமல் நிறுத்துங்கள்.

இப்படிச் செய்தால் பம்பரும் கிளாடிங்கும் நீங்கள் கேட்ட ஓரிரு வருடம் தாங்கும். கவுலுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இரண்டாம் கோட்டு:

கவுல் பற்றி நான் சொல்கிறேன், பெயின்ட் வேலை செய்பவன். தூள் கொட்டும் அளவு போனால் கோட்டிங் அந்தத் தூளில்தான் ஒட்டும், தூளோடு உதிரும். புதிய கவுல் கிடைத்தால் மாற்றுவது உத்தமம். இல்லையென்றால் கழற்றி, நார்த் தேய்ப்பானால் தூளெல்லாம் போகத் தேய்த்து, பிளாஸ்டிக் அட்ஹீஷன் புரோமோட்டர் (பெயின்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடித்து, அதன் மேல் சாட்டின் கறுப்பு ஸ்பிரே மெல்லிய கோட்டுகளாக. புரோமோட்டர் இல்லாமல் பாலிப்ரொப்பிலீனில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது, தகடு தகடாக உரியும். பளபளப்புக் கறுப்பு வாங்காதீர்கள், ஒவ்வொரு குறையும் தெரியும்.

ஆனால் பம்பருக்கும் கிளாடிங்குக்கும் நான்கூடப் பெயின்ட் சொல்ல மாட்டேன். கல் தெறித்துப் பெயர்ந்தால் அந்த இடம் அசிங்கமாக நிற்கும். கோட்டிங் மங்கினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

வெயில்வண்டி:

நன்றி. கவுல் கழற்றி பெயின்ட், மற்றதற்குக் கோட்டிங் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு பராமரிப்புக்கு ஏதாவது தனியாக வேண்டுமா?

சொரசொரப்பு:

பெரிதாக ஒன்றும் இல்லை. சாதாரண கார் ஷாம்பு போதும், கடுமையான காரக் கிளீனர் வேண்டாம், கோட்டிங்கை அரித்துவிடும். வாக்ஸ் போடும் நாளில் பிளாஸ்டிக்கை டேப்பால் மூடுங்கள். கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படர ஆரம்பித்தால் கோட்டிங் தேய்கிறது என்று அர்த்தம். வெளுக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே ஒரு கை போட்டுவிட்டால் இந்தப் பிரஷ் வேலை மறுபடி இவ்வளவு இருக்காது. கவுலைக் கழற்றும்போது அடியில் இருக்கும் இலைச் சருகையும் வாரிவிடுங்கள், தண்ணீர் வடியும் துளை அங்கேதான் இருக்கிறது.